குழந்தைகளின் சோம்பல் கண்: கண்டறிவதிலிருந்து சிகிச்சையை நிறுத்துவது வரை ஆய்வுகள் காட்டும் வழி

ஒரு குழந்தையின் கண்ணில் புரை இல்லை, விழித்திரையில் பழுது இல்லை, சரியான பவரில் கண்ணாடியும் போட்டாகிவிட்டது. ஆனாலும் அந்த ஒரு கண்ணால் மட்டும் எழுத்துப் பலகையின் கீழ்வரிகளைப் படிக்க முடியவில்லை என்றால், அந்தக் கண் அனுப்பும் காட்சியைப் புரிந்துகொள்ள மூளை பழகவில்லை என்று பொருள். சோம்பல் கண் என்று பேச்சு வழக்கிலும் அம்ப்ளியோபியா என்று மருத்துவச் சீட்டிலும் குறிப்பிடப்படும் இந்த நிலை, உலக அளவில் நூறு குழந்தைகளில் ஏறத்தாழ 1 முதல் 3 பேருக்கு இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது.

இதற்கான சிகிச்சை பெரும்பாலும் கண்ணாடி, நல்ல கண்ணை மறைக்கும் பேட்ச், சொட்டு மருந்து ஆகிய மூன்றுக்குள் முடிந்துவிடுகிறது. ஆனால் அது முழுக்க முழுக்க வீட்டில் நடக்கும் சிகிச்சை. மருத்துவர் எழுதிக் கொடுத்த மணிக்கணக்குக்கும், பேட்ச் குழந்தையின் முகத்தில் உண்மையில் இருந்த மணிக்கணக்குக்கும் உள்ள இடைவெளியே பலனைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது கடந்த 25 ஆண்டுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்கும்போது தெளிவாகத் தெரிகிறது. பெற்றோர் எந்த வரிசையில் எதைச் செய்ய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் பின்னால் உள்ள சான்று எவ்வளவு உறுதியானது என்பதைக் கீழே படிப்படியாகக் காணலாம். உங்கள் குழந்தைக்கான அளவையும் காலத்தையும் மட்டும் பரிசோதித்த கண் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

மூளையில் நடப்பது என்ன

1960களில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரு ஆய்வாளர்கள், பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணிமையைச் சில வாரங்களுக்குத் தைத்து மூடி வைத்தார்கள். பின்னர் தையலைப் பிரித்துப் பார்த்தபோது, கண் நன்றாகவே இருந்தது. ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் இருந்த செல்களில் ஏறக்குறைய எல்லாமே திறந்திருந்த கண்ணுக்கு மட்டுமே பதில் கொடுத்தன. வளர்ந்த பூனையின் கண்ணை அதே போல் மூடியபோது இத்தகைய மாற்றம் ஏற்படவில்லை. இளம் பருவத்தில் இரு கண்களும் மூளையில் இடம் பிடிக்கப் போட்டியிடுகின்றன என்பதையும், அந்தப் போட்டிக்கு ஒரு காலவரையறை உண்டு என்பதையும் காட்டிய இந்தப் பணிக்காக அவர்களுக்கு 1981ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

குழந்தைகளிடம் இந்தப் போட்டியைக் கெடுப்பவை மூன்று. ஒன்று, மாறுகண்: இரட்டைக் காட்சியைத் தவிர்க்க, விலகிய கண்ணின் படத்தை மூளை ஒதுக்கிவிடுகிறது. இரண்டு, பவர் கோளாறு: ஒரு கண்ணுக்கும் மறு கண்ணுக்கும் பவரில் பெரிய வேறுபாடு இருக்கும்போது, மங்கலான படத்தை அனுப்பும் கண் பின்தங்கிவிடுகிறது, சில குழந்தைகளுக்கு இரண்டு கண்களிலுமே மிக அதிகப் பவர் இருந்து இரண்டுமே பின்தங்குவதும் உண்டு. மூன்றாவது, பிறவிக் கண்புரை அல்லது கண்மணியை மறைக்கும் அளவுக்கு இமை தொங்குதல். எண்ணிக்கையில் குறைவு, பாதிப்பில் மிகக் கடுமையானது இதுதான்.

இவற்றில் எளிதில் ஏமாற்றுவது இரண்டாவது வகை. மாறுகண்ணை யாராவது ஒருவர் கவனித்துவிடுவார்கள். பவர் வேறுபாடு உள்ள குழந்தையின் கண்கள் நேராக, அழகாக இருக்கும். நல்ல கண்ணின் துணையோடு அது ஓடும், வண்ணம் தீட்டும், தூரத்தில் வரும் பேருந்தின் எண்ணைக்கூடச் சொல்லும். ஒரு கண் தெரியவில்லை என்று அது புகார் செய்யாது, ஏனென்றால் வேறு விதமாகப் பார்த்த அனுபவமே அதற்கு இல்லை.

முதல் படி: சந்தேகப்படுதல்

பிறந்த முதல் சில மாதங்களில் கண்கள் அவ்வப்போது விலகுவது இயல்பு. நான்கு மாதத்துக்குப் பிறகும் ஒரு கண் விலகியே இருந்தால் காட்ட வேண்டும். தொலைக்காட்சி பார்க்கும்போது எப்போதும் ஒரே பக்கம் தலையைச் சாய்ப்பது, வெயிலில் ஒரே கண்ணை மூடிக்கொள்வது, படியிறங்கும்போது கால் வைக்கும் ஆழத்தைத் தவறவிடுவது ஆகியவை கவனிக்கத்தக்க அறிகுறிகள். ஃபிளாஷ் போட்டு எடுத்த புகைப்படத்தில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால், அது புரையாகவோ விழித்திரைப் புற்றாகவோ இருக்கக்கூடும். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

வீட்டில் ஒரு எளிய சோதனை செய்து பார்க்கலாம். குழந்தை விருப்பமாக ஒரு படத்தையோ பொம்மையையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து உங்கள் உள்ளங்கையால் ஒரு கண்ணை மட்டும் மெல்ல மறையுங்கள். பிறகு மறு கண்ணை மறையுங்கள். ஒரு கண்ணை மூடும்போது பேசாமல் இருக்கும் குழந்தை, மற்றதை மூடும்போது மட்டும் கையைத் தட்டிவிட்டால், முகத்தைத் திருப்பினால், சிணுங்கினால், நீங்கள் மூடியது அது நம்பியிருக்கும் கண் என்று கொள்ளலாம். இதில் வேறுபாடு தெரியாவிட்டால் குறையே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சற்றே பின்தங்கிய கண் இந்தச் சோதனையில் பிடிபடுவதில்லை.

எனவே அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், 3 முதல் 5 வயதுக்குள் ஒரு முறையேனும் பார்வைப் பரிசோதனை தேவை என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு பரிந்துரைக்கிறது. நம் நாட்டில் 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தின் குழுக்கள் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகளைப் பரிசோதிக்கும்போது பார்வைக் குறையையும் பார்க்கின்றன. ஆனாலும் முகாம் வரட்டும் என்று காத்திராமல், எல்கேஜி சேர்க்கும் முன்பே கண் மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது. "மாறுகண் அதிர்ஷ்டம்", "வளர வளரச் சரியாகிவிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை மதித்துக் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் சிகிச்சையின் பலனைக் குறைக்கிறது.

இரண்டாம் படி: முழுமையான பரிசோதனை

சிறு குழந்தைக்கு மருந்து விடாமல் பவர் பார்ப்பது நம்பத்தக்கதன்று. குழந்தையின் கண்ணுக்குக் குவியத்தை மாற்றும் ஆற்றல் அதிகம் என்பதால், அது தன் தூரப்பார்வைப் பவரை மறைத்துவிடும். குவியத்தை மாற்றும் தசையைத் தற்காலிகமாகத் தளர்த்த அட்ரோபின் களிம்போ, சைக்ளோபென்டோலேட், ஹோமட்ரோபின் போன்ற சொட்டு மருந்தோ பயன்படுத்துவார்கள். அட்ரோபின் களிம்பு என்றால், பரிசோதனைக்கு முந்தைய சில நாட்கள் வீட்டிலேயே போட்டுவரச் சொல்வார்கள். மருந்தின் வேகம் குறையும் வரை குழந்தைக்கு வெளிச்சம் கூசும், அருகில் உள்ளவை மங்கும். தேர்வு, விழா நாட்களைத் தவிர்த்துத் தேதி வாங்கிக்கொள்ளலாம். இமைத்தொய்வு, புரை, விழித்திரை நோய் எதுவும் இல்லை என்று உறுதி செய்வதும் இதே பரிசோதனையில் நடக்கும்.

பார்வையை அளக்கும்போது ஒரு நுட்பத்தைப் பெற்றோரும் கவனிக்கலாம். சோம்பல் கண்ணுக்குத் தனியாகக் காட்டப்படும் எழுத்து எளிதாகவும், நெருக்கமான வரிசையில் உள்ள எழுத்து கடினமாகவும் இருக்கும். வரியின் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் சரியாகச் சொல்லும் குழந்தை நடுவில் உள்ளவற்றை விட்டுவிடும், அல்லது இடம் மாற்றிச் சொல்லும். "பாதி சொல்கிறதே, விளையாட்டுப் புத்தி" என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. இந்த நோயின் அடையாளமே இந்த நெருக்கடிதான். தனி எழுத்தைக் காட்டி அளந்தால் பார்வை உள்ளதைவிட நன்றாக இருப்பதாகத் தோன்றிவிடும்.

பரிசோதனை முடிந்ததும் இரு கண்களின் பார்வை அளவையும் தனித்தனியாக, 6/6, 6/12, 6/24 என்ற வடிவத்தில் (6/6 இயல்பான பார்வை, கீழ் எண் கூடக் கூடக் குறை அதிகம்), தேதியுடன் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு முடிவும் இந்த எண்களை ஒப்பிட்டுத்தான் எடுக்கப்படும்.

மூன்றாம் படி: கண்ணாடி

பவர் கோளாறு இருந்தால் சிகிச்சை கண்ணாடியில் தொடங்குகிறது, சிலருக்குக் கண்ணாடியிலேயே முடிந்தும் விடுகிறது. அமெரிக்காவின் பெடிக் என்ற குழந்தைக் கண் நோய் ஆய்வுக் குழு, பவர் வேறுபாட்டால் சோம்பல் கண் வந்த, 3 முதல் 7 வயதுக்கு உட்பட்ட 84 குழந்தைகளுக்குக் கண்ணாடி மட்டும் கொடுத்துப் பார்த்து 2006இல் முடிவை வெளியிட்டது. அவர்களில் 77 விழுக்காட்டினருக்கு எழுத்துப் பலகையில் 2 வரிகளோ அதற்கு மேலோ முன்னேற்றம் கிடைத்தது. 27 விழுக்காட்டினருக்குக் குறை முழுவதுமே தீர்ந்தது. அந்தக் குழந்தைகளுக்குப் பேட்ச் தேவைப்படவே இல்லை.

இதனால் கண்ணாடியை மட்டும் போட்டு 18 வாரங்கள் வரை காத்திருந்து, அதன் பிறகே பேட்ச் தொடங்கும் முறை, குறிப்பாகப் பிரிட்டனில், பரவியது. 2024இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த யூபேட்ச் ஆய்வு இந்தக் காத்திருப்பைக் கேள்விக்கு உட்படுத்தியிருக்கிறது. பிரிட்டன், கிரீஸ், ஆஸ்திரியா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் 3 முதல் 8 வயது வரையிலான 334 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 18 வாரக் கண்ணாடிக்குப் பிறகும், மறு பிரிவுக்கு 3 வாரத்திலேயேயும் நாளுக்கு 10 மணி நேரப் பேட்ச் தொடங்கினார்கள். 12 வாரப் பேட்ச் முடிவில் முதல் பிரிவில் 54 விழுக்காட்டினரும், சீக்கிரம் தொடங்கிய பிரிவில் 67 விழுக்காட்டினரும் ஆய்வு வகுத்த வெற்றி எல்லையைத் தொட்டனர். இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், குறை லேசாகவும் குழந்தை சிறியதாகவும் இருக்கும்போது கண்ணாடிக்குச் சில வாரங்கள் கொடுத்துப் பார்ப்பதும், குறை கடுமையாகவோ வயது கூடுதலாகவோ இருக்கும்போது காத்திருப்பைச் சுருக்குவதும் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்தப் பாதையை ஏன் தேர்ந்தெடுக்கிறார் என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

கண்ணாடியை விழித்திருக்கும் நேரம் முழுவதும் போட வேண்டும். நல்ல கண்ணால் ஏற்கெனவே தெளிவாகத் தெரிவதால், போட்ட முதல் நாளில் குழந்தைக்கு எந்த மாற்றமும் தெரியாது. "இது வேண்டாம்" என்று கழற்றும். மூக்கின் மேல் வழியும் ஃபிரேமுக்கு மேலாக எட்டிப் பார்த்தால், கடைக்குத் திரும்பிச் சென்று காதுப் பகுதியைச் சரிசெய்து வாருங்கள், தேவைப்பட்டால் தலைக்குப் பின்னால் எலாஸ்டிக் பட்டை மாட்டுங்கள். லென்ஸ் எளிதில் உடையாத பாலிகார்பனேட்டாக இருப்பது நல்லது.

நான்காம் படி: பேட்ச்

நல்ல கண்ணை மறைத்துப் பின்தங்கிய கண்ணை வேலை வாங்கும் முறை பழையது. பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் புஃபோன் 1743இலேயே இதைப் பரிந்துரைத்தார். எவ்வளவு நேரம் மறைப்பது என்பதற்கு முறையான சான்று கிடைத்ததோ 2003இல்தான். பெடிக் குழு நடத்திய இரு ஆய்வுகளில், மிதமான குறை உள்ள 189 குழந்தைகளிடம் நாளுக்கு 2 மணி நேரமும் 6 மணி நேரமும் ஒரே அளவு, அதாவது 2.4 வரி முன்னேற்றம் தந்தன. 6/30 முதல் 6/120 வரை கடுமையான குறை உள்ள 175 குழந்தைகளிடம் 6 மணி நேரமும் நாள் முழுவதும் மறைப்பதும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன: 4.8 வரி, 4.7 வரி. பள்ளிக்கும் பேட்ச் போட்டுப் போய்க் கேலிக்கு ஆளாகும் நிலையிலிருந்து எத்தனையோ குழந்தைகளை இந்த முடிவுகள் காப்பாற்றின.

ஆனால் "2 மணி நேரமும் 6 மணி நேரமும் ஒன்றுதான்" என்பதை அப்படியே எடுத்துக்கொள்வதில் ஒரு சிக்கல் உண்டு. அந்த ஆய்வுகளில் பேட்ச் போட்ட நேரம் பெற்றோர் எழுதிய குறிப்பை நம்பியே கணக்கிடப்பட்டது. லண்டனில் கேத்தரின் ஸ்டூவர்ட், மெரிக் மோஸ்லி, அலிஸ்டர் ஃபீல்டர் ஆகியோர் பேட்சிலேயே மின்னணுக் கருவியைப் பொருத்தி உண்மை நேரத்தை அளந்தார்கள். 6 மணி நேரம் எழுதிக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் சராசரியாகப் போட்டது 4.2 மணி; 12 மணி நேரம் எழுதிக் கொடுக்கப்பட்டவர்கள் போட்டது 6.2 மணிதான். சீட்டில் இரு மடங்காக இருந்த வேறுபாடு முகத்தில் இரண்டு மணி நேரமாகச் சுருங்கியிருந்தது.

அவர்களது ஆய்விலிருந்து பெற்றோருக்குப் பயன்படும் ஒரு தோராயக் கணக்கும் கிடைக்கிறது: எழுத்துப் பலகையில் ஒரு வரி முன்னேற ஏறத்தாழ 120 மணி நேர மறைப்பு தேவை. நாளுக்கு 2 மணி நேரம் ஒழுங்காகப் போட்டால் ஒரு வரிக்கு இரண்டு மாதம் ஆகும். அதே 2 மணி நேரத்தில் பாதி நாட்கள் தவறினால் நான்கு மாதம். மூன்று மாதம் கழித்து "பலனே இல்லை" என்று மனம் சோர்வதற்கு முன், மொத்த மணி நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். சில வீடுகளில் அது 50ஐக்கூடத் தாண்டியிருக்காது.

போடும் முறைக்கு வருவோம். ஒட்டும் பேட்சை நேரடியாகத் தோலில் ஒட்டி, அதன் மேல் கண்ணாடியை அணிவிக்க வேண்டும். கண்ணாடி லென்ஸின் மேல் மாட்டும் துணி உறை குழந்தைக்கு வசதி. ஆனால் மூக்குப் பக்கத்து இடுக்கின் வழியே நல்ல கண்ணால் பார்த்துவிட முடியும், கெட்டிக்காரக் குழந்தை முதல் நாளே அதைக் கண்டுபிடித்துவிடும். வியர்வைக் காலத்தில் முகத்தைக் கழுவி நன்றாகத் துடைத்த பின் ஒட்டுங்கள். எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்காமல், வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை ஓரங்களில் வைத்து, ஊறிய பின் மெல்ல உரியுங்கள். தோல் சிவந்தால் பசை படும் இடம் மாறுமாறு அடுத்த நாள் பேட்சைச் சற்றுச் சாய்த்து ஒட்டலாம். புண்ணானால் சில நாட்கள் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பேட்ச் போட்டிருக்கும்போது மணி கோக்க வேண்டும், புள்ளி இணைக்க வேண்டும் என்று வற்புறுத்தத் தேவையில்லை. 425 குழந்தைகளிடம் நடந்த 2008ஆம் ஆண்டு ஆய்வில், அருகில் பார்த்துச் செய்யும் வேலைக்கும் தூரத்தில் பார்க்கும் வேலைக்கும் பலனில் வேறுபாடு தெரியவில்லை. கார்ட்டூன் பார்க்கட்டும், கேரம் ஆடட்டும். தெருவில் சைக்கிள் ஓட்டுவதும் உயரத்தில் ஏறுவதும் மட்டும் அந்த நேரத்தில் வேண்டாம். முதல் வாரத்தில் அரை மணி நேரத்தில் தொடங்கிக் கூட்டலாம். நெதர்லாந்தில் நடந்த ஆய்வுகளில், பேட்ச் ஏன் போடுகிறோம் என்பதைப் படக்கதையாகக் குழந்தையிடமே விளக்கியபோது அது பேட்ச் போடும் நேரம் கூடியது. பெற்றோருக்குத் துண்டறிக்கை கொடுப்பதைவிட இது நன்றாக வேலை செய்தது. நாலு வயதுப் பிள்ளைக்கு என்ன புரியும் என்று நினைத்து விளக்காமல் விடுவது நம் வீடுகளில் சாதாரணம்.

ஐந்தாம் படி: பேட்ச் ஒத்துவராவிட்டால் அட்ரோபின்

நல்ல கண்ணில் 1 விழுக்காடு அட்ரோபின் சொட்டு விட்டால் அருகில் உள்ளவை அந்தக் கண்ணுக்கு மங்கும். குழந்தை தானாகவே பின்தங்கிய கண்ணைப் பயன்படுத்தும். 2002இல் வெளியான, 419 குழந்தைகளைக் கொண்ட ஆய்வில் ஆறு மாத முடிவில் பேட்ச் 3.16 வரியும் அட்ரோபின் 2.84 வரியும் முன்னேற்றம் தந்தன. நடைமுறையில் இது சிறிய வேறுபாடு. வார இறுதியில் இரண்டு நாட்கள் மட்டும் விடுவது தினமும் விடுவதற்கு ஈடாக இருந்ததை 2004இல் மற்றோர் ஆய்வு காட்டியது. பேட்சை நாள்தோறும் பிய்த்தெறியும் குழந்தையின் வீட்டில் இது பெரிய நிம்மதி.

எச்சரிக்கைகள் உண்டு. வெளிச்சம் கூசும், தொப்பி தேவைப்படும். முகம் சிவத்தல், காய்ச்சல், வாய் உலர்தல், வழக்கத்துக்கு மாறான படபடப்பு தெரிந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். விட்டவுடன் மூக்கோரக் கண் முனையை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் உடலுக்குள் செல்லும் அளவு குறையும். மருந்தை விழுங்கினால் ஆபத்து என்பதால் புட்டியைப் பூட்டி வைக்க வேண்டும். எந்தக் கண் என்பதை மூடியிலேயே எழுதி ஒட்டுங்கள். தாத்தா விட்டாலும் அத்தை விட்டாலும் கண் மாறக் கூடாது.

ஆறாம் படி: மறுபரிசோதனையும் நிறுத்துவதும்

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது இரு கண்களையும் அளக்க வேண்டும். மறைக்கப்படும் நல்ல கண்ணின் பார்வை இறங்குகிறதா என்று பார்ப்பதும் இதில் அடங்கும். அபூர்வமாக அது நடக்கக்கூடும், உடனே கவனித்தால் பொதுவாக மீண்டுவிடும்.

பார்வை சமமான பிறகு சிகிச்சையைச் சட்டென்று விடக் கூடாது. நிறுத்திய பின் ஓராண்டு கண்காணித்த ஆய்வில், ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குக் குறை திரும்பியது. 6 முதல் 8 மணி நேரப் பேட்சைத் திடீரென நிறுத்தியவர்களில் 42 விழுக்காட்டினருக்கும், முதலில் 2 மணி நேரமாகக் குறைத்துப் பின் நிறுத்தியவர்களில் 14 விழுக்காட்டினருக்கும் அது திரும்பியது. பேட்ச் நின்றாலும் கண்ணாடி நிற்காது.

ஏழு வயது கடந்துவிட்டால்

"ஏழு வயதுக்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது" என்று கைவிரிக்கப்பட்ட பிள்ளைகள் பலர். 2005இல் 7 முதல் 17 வயது வரையிலான 507 பேரிடம் நடந்த ஆய்வு இதை மாற்றியது. 7 முதல் 12 வயதினரில், கண்ணாடியுடன் பேட்சும் அட்ரோபினும் பெற்றவர்களில் 53 விழுக்காட்டினருக்கு 2 வரிகளோ அதற்கு மேலோ முன்னேற்றம் கிடைத்தது. கண்ணாடி மட்டும் போட்டவர்களில் அது 25 விழுக்காடு. 13 முதல் 17 வயதில் பேட்ச் கூடுதல் பலன் தரவில்லை. ஆனால் அதே வயதில் முன்பு சிகிச்சையே பெறாதவர்களிடம் வேறுபாடு தெரிந்தது: பேட்ச் போட்டவர்களில் 47 விழுக்காட்டினரும், கண்ணாடி மட்டும் போட்டவர்களில் 20 விழுக்காட்டினரும் முன்னேறினர். ஆகவே பத்தாம் வகுப்பில் கண்டுபிடிக்கப்பட்டாலும் ஒரு முறை முயல்வதற்குக் காரணம் இருக்கிறது, முழுப் பார்வை கிடைக்கும் என்ற உறுதி மட்டும் இல்லை.

மாறுகண் அறுவையும் பிறவிப் புரையும்

மாறுகண் அறுவை கண்ணை நேராக்கும். சோம்பல் கண்ணின் பார்வையை அதுவே மீட்காது. அறுவைக்கு முன்போ பின்போ கண்ணாடியும் பேட்சும் தேவைப்படும். ஒரு கண்ணில் மட்டும் அடர்ந்த பிறவிப் புரை இருந்தால் கணக்கு வாரங்களில் போடப்படுகிறது: பிறந்த முதல் 6 முதல் 8 வாரங்களுக்குள் அறுவை, உடனே கான்டாக்ட் லென்ஸோ கண்ணாடியோ, தொடர்ந்து ஆண்டுக்கணக்கில் பேட்ச்.

விளையாட்டு, மெய்நிகர்த் திரை, மாத்திரை

இரு கண்களையும் ஒன்றாகப் பயிற்றுவிக்கும் டேப்லெட் விளையாட்டுகள் மீது பெரிய நம்பிக்கை எழுந்தது. 385 குழந்தைகளிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில் விளையாட்டு 1.05 வரியும் 2 மணி நேரப் பேட்ச் 1.35 வரியும் தந்தன. பேட்சுக்கு அது சளைத்ததல்ல என்று நிறுவ முடியவில்லை. சொன்ன நேரத்தில் முக்கால் பங்குக்கு மேல் விளையாடியவர்கள் 22 விழுக்காடுதான். விளையாட்டென்றாலும் மருந்தாகிவிட்டால் குழந்தைக்கு அலுத்துவிடுகிறது.

தலையில் மாட்டும் திரையில், நல்ல கண்ணுக்கான படத்தை மங்கலாக்கிக் குழந்தைக்குப் பிடித்த காட்சிகளைக் காட்டும் லுமினோப்பியா என்ற கருவிக்கு 2021இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ அனுமதி அளித்தது. நாளுக்கு ஒரு மணி நேரம், வாரம் ஆறு நாட்கள் பார்த்த குழந்தைகளுக்கு 12 வாரத்தில் 1.8 வரியும், கண்ணாடி மட்டும் போட்டவர்களுக்கு 0.8 வரியும் முன்னேற்றம் கிடைத்தது. ஊக்கமளிக்கும் முடிவுதான், ஆனால் ஒப்பீடு கண்ணாடியுடன் நடந்ததே ஒழியப் பேட்சுடன் நடக்கவில்லை என்பதை விளம்பரத்தைப் படிக்கும்போது மறந்துவிடக் கூடாது. பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் லெவோடோபா மாத்திரையைப் பேட்சுடன் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வில் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் இல்லை. கண்ணாடியே தேவையில்லை, கண்ணை உருட்டும் பயிற்சியே போதும் என்று பணம் கேட்பவர்களிடம் குழந்தையின் காலத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

முயற்சிக்குப் பிறகும் ஒரு கண் பின்தங்கியே நின்றால்

சில குழந்தைகளுக்கு எல்லாம் செய்தும் பார்வை ஓரளவுக்கு மேல் ஏறாது. அப்போது நல்ல கண்ணைக் காப்பதே சிகிச்சை. சோம்பல் கண் உள்ள ஒருவர் தம் வாழ்நாளில் நல்ல கண்ணுக்கும் பாதிப்பு வந்து கடும் பார்வைக் குறைக்கு ஆளாகும் வாய்ப்பு குறைந்தது 1.2 விழுக்காடு என்று 2002இல் பிரிட்டனில் கணக்கிட்டார்கள். விளக்குமாற்றுக் குச்சியில் செய்த வில்லம்பு, கில்லி, தீபாவளி வெடி ஆகியவை நம் ஊரில் குழந்தைகளின் கண்ணுக்கு ஆபத்தானவை. ஒரு கண்ணை மட்டும் நம்பியிருக்கும் பிள்ளைக்கு, அந்த நல்ல கண்ணில் பவரே இல்லாவிட்டாலும், விழித்திருக்கும் நேரமெல்லாம் பாலிகார்பனேட் லென்ஸ் போட்ட கண்ணாடி அணிவியுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை அந்த நல்ல கண்ணையும் முழுமையாகப் பரிசோதியுங்கள்.